சாப்பிட்டபின் ஒரு சுற்று!

பால்மரக் காட்டில் நிரை நிரையாக நடந்து மரம் சீவிய நம் பெற்றோருக்கு, நடைப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. நாமோ தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்டோம். நடை குறைந்தது, தட்டிலுள்ள சோறு குறையவில்லை. விளைவு? மலேசியாவில் 2019ஆம் ஆண்டு எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்புநீர் இருந்தது.

நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவழிக்கின்றன. ஆகவே சாப்பிட்டபின் 10, 15 நிமிடம் நடந்தாலும் பயனுண்டு. இருதயத்துக்கும் நடை நல்லது. லண்டன் மாடி பஸ்களில் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவு என்று டாக்டர் ஜெரமி மோரிஸ் குழுவினர் 1953இல் எழுதினர்.

எவ்வளவு நடப்பது? வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளுக்கு அரை மணி, ஐந்து நாள். மூச்சு சற்று வாங்க வேண்டும். ஆனால் பேச முடிய வேண்டும்.

இனிப்புநீர் உள்ளவர்கள் கவனிக்க: நடக்கிறோம் என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். பொருத்தமான காலணி அணியுங்கள். பாதத்தில் புண் உண்டா என்று தினமும் பாருங்கள். நடக்கையில் நெஞ்சு வலித்தால் உடனே நின்று, மருத்துவரை நாடுங்கள்.

இன்றிரவு சாப்பிட்டவுடன் தொலைக்காட்சிமுன் அமராமல், வீட்டாரோடு ஒரு சுற்று நடந்து வாருங்களேன்!