மூன்று மொழி பேசும் பிள்ளை வகுப்பில் ஏன் மௌனமாகிறான்?

கூடலூர்ப் பேருந்து நிலையத்தில் கால்மணி நேரம் நின்று பாருங்கள். தேநீர்க் கடையில் மலையாளம், நடத்துனரிடம் தமிழ், மைசூர் செல்லும் வண்டியருகே கன்னடம் என்று பேச்சு மாறிக்கொண்டே இருக்கும். அங்கே பணியர் இனத்துச் சிறுவன் ஒருவனை ஒருமுறை கவனித்தேன். தாயிடம் பணிய மொழியில் பேசினான். கடைக்காரரிடம் மலையாளத்தில் மிட்டாய் கேட்டான். என்னிடம் தமிழில் மணி கேட்டான். இவற்றில் எதையும் யாரும் அவனுக்கு இலக்கணம் வைத்துக் கற்பிக்கவில்லை.

ஆனால் இத்தகைய பிள்ளைகளில் பலர் பள்ளியில் வாய் திறப்பதில்லை. சிலர் ஓரிரு ஆண்டுகளில் படிப்பையே விட்டுவிடுகின்றனர். மூன்று மொழி அறிந்த பிள்ளைக்கு 'மந்தம்' என்ற பெயர் எப்படி வருகிறது? நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். பாடம் புரியாமைக்குப் பாடத்தைவிட மொழியே தடையாக இருப்பதைப் பலமுறை கண்டதால் இக்கேள்வியை ஆராயத் தொடங்கினேன்.

மலை தந்த பாடம்

நீலகிரியில் பன்மொழி வழக்கம் மிகப் பழையது. தோடர் எருமை வளர்த்து நெய் தந்தனர். கோத்தர் இரும்புக் கருவிகளும் மண்பாண்டங்களும் செய்தனர். சடங்குகளுக்கு இசையும் வாசித்தனர். படுகர் தானியம் விளைவித்தனர். குறும்பர் தேன் முதலிய காட்டுப் பொருள்களைக் கொண்டுவந்தனர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மொழி உண்டு. ஆயினும் பண்டமாற்று தடையின்றி நடந்தது. படுக மொழி பெரும்பாலும் பொது மொழியாகப் பயன்பட்டது. எவரும் தம் மொழியைக் கைவிடாமலே அடுத்தவர் மொழியைக் கற்றுக்கொண்டனர்.

1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி ஆய்வு செய்த மொழியியல் அறிஞர் எமனோ, தோட, கோத்த மொழிகளை விரிவாகப் பதிவு செய்தார். கோத்த மொழிக்கு அவருக்குப் பெருந்துணையாக இருந்தவர் சுள்ளி என்னும் கோத்தர். பள்ளி சென்று ஆங்கிலமும் கற்றவர் அவர். எனினும் எமனோ தொகுத்த கோத்தக் கதைகள் அவருடைய தாய்மொழிப் புலமையிலிருந்தே கிடைத்தன. இரண்டு உலகங்களுக்கிடையே அவர் ஒரு பாலமாக விளங்கினார் எனலாம்.

பின்னர் 1964-ஆம் ஆண்டு இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பிய தமிழர் பலர் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். அவர்களுக்கு வாழ்வளிக்க 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. மலையின் பேச்சில் இன்னொரு தமிழும் சேர்ந்தது.

குழந்தையின் காது

குழந்தை மொழியை எப்படிப் பிடித்துக்கொள்கிறது? முதற்படி காதில் தொடங்குகிறது. கனடாவில் வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் ஒரு சோதனை நடத்தி, 1984-இல் அதன் முடிவை வெளியிட்டனர். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள 'த', 'ட' போன்ற ஒலிகளைக் கேட்கச் செய்தனர். 6 முதல் 8 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவற்றின் வேறுபாட்டை உணர்ந்தனர். 10 முதல் 12 மாதக் குழந்தைகளிலோ மிகச் சிலரே உணர்ந்தனர். தம் வீட்டில் பயன்படாத ஒலி வேறுபாட்டை அக்குழந்தைகளின் மூளை ஓராண்டுக்குள் ஒதுக்கத் தொடங்கிவிட்டது!

நம் மலையிலேயே இதற்குச் சான்று உண்டு. நாம் ர, ற என்று இரண்டு எழுத்து எழுதினாலும் பேச்சில் பலர் ஒன்றாகவே ஒலிக்கிறோம். தோட மொழியிலோ நாக்கு அதிர்ந்து எழும் ரகர ஒலிகள் ஆறு உள்ளன. தோடக் குழந்தை அவற்றை எளிதாகப் பிரித்தறியும். நமக்கு அவை ஒன்றுபோலவே கேட்கும்.

காதில் ஒலி விழுந்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் பட்ரீசியா கூல் குழுவினர் இதனையும் சோதித்தனர். 9 மாதக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுவோர் 12 முறை அமர்ந்து பேசி விளையாடினர். அக்குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டை நன்கு பிடித்துக்கொண்டனர். அதே பேச்சைத் தொலைக்காட்சியில் மட்டும் கண்ட குழந்தைகளுக்கு ஒன்றும் படியவில்லை. 2003-இல் வெளியான இம்முடிவு நமக்கு உணர்த்துவது என்ன? மொழி ஆளிடமிருந்து ஆளுக்குச் செல்வது. பாட்டிக்கு ஒரு மொழி, கடைக்காரருக்கு ஒரு மொழி என்று தேவை இருந்தால் குழந்தை இரண்டையும் கற்கும்.

குழப்பமா, வளமா?

"இரண்டு மொழி என்றால் பிள்ளை குழம்பிவிடாதா?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. அறிவியலும் ஒரு காலத்தில் அப்படித்தான் எண்ணியது. வேல்ஸ் நாட்டில் சேயர் என்பவர் 1923-இல் வெளியிட்ட ஆய்வில், கிராமத்து இருமொழிக் குழந்தைகள் அறிவுச் சோதனையில் பின்தங்கியிருந்தனர். ஆனால் குடும்ப நிலை, வாழும் சூழல் போன்ற வேறுபாடுகளை அந்த ஆய்வு சரியாகக் கணக்கில் கொள்ளவில்லை. 1962-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் பீல், லாம்பர்ட் இருவரும் ஒத்த குடும்ப நிலையுள்ள 10 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டனர். இம்முறை இருமொழிப் பிள்ளைகளே முந்தினர்.

நம் நாட்டில் அஜித் மொகந்தி, ஒடிசாவின் கோந்து பழங்குடியினரிடம் ஆய்வு செய்தார். குய் மொழியும் ஒடியாவும் அறிந்த பிள்ளைகள், ஒடியா மட்டும் அறிந்த கோந்துப் பிள்ளைகளைவிடப் பல சோதனைகளில் நன்றாகச் செய்தனர். இருமொழி அறிவு மூளையைக் கூர்மையாக்குகிறது என்று சிலர் இன்று கூறுவதை வேறு சிலர் மறுக்கின்றனர். அந்த விவாதம் முடியவில்லை. தாய்மொழியோடு இன்னொரு மொழி கற்பதால் அறிவு குறைவதில்லை என்பது மட்டும் உறுதி.

பேச்சு மொழியும் பாட மொழியும்

அப்படியானால் வகுப்பில் தடங்கல் ஏன்? கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் ஒரு வேறுபாட்டைச் சுட்டினார். அன்றாடம் உரையாடும் மொழித்திறன் ஒன்று. பாடத்தைச் சிந்திக்கவும் எழுதவும் வேண்டிய மொழித்திறன் வேறொன்று. புதிய மொழியில் முதலாவது சுமார் 2 ஆண்டுகளில் வந்துவிடும். இரண்டாவதற்கு 5 முதல் 7 ஆண்டுகள்கூட ஆகலாம். கடையில் தமிழ் பேசும் பிள்ளைக்குப் பாடநூல் தமிழும் வரும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். தவறு இங்கேதான் நேர்கிறது.

தமிழே தாய்மொழியானவருக்கும் இச்சிக்கல் உண்டு. ஒருநாள் முதலாண்டு வகுப்பில் 'வேலை' என்ற பாடம் நடத்தினேன். "25 கிலோ கொழுந்துச் சாக்கைச் சுமந்துகொண்டு சமமான பாதையில் நடந்தால், புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை சுழி" என்றேன். தோட்டக் குடும்பத்து மாணவி ஒருத்தி மெல்ல எழுந்து, "அப்போ எங்கம்மா செய்றது வேலையே இல்லையா சார்?" என்று கேட்டாள்.

நான் சற்றுத் திகைத்தேன். அவள் கேள்வி முற்றிலும் நியாயமானது. அவள் வீட்டில் 'வேலை' என்றால் உழைப்பு, களைப்பு, கூலி. பௌதிகத்தில் அச்சொல்லுக்கு விசையும், அவ்விசையின் திசையில் நகர்ந்த தூரமும் மட்டுமே பொருள். "வீட்டு வேலை என்பது ஒரு சொல், பௌதிக வேலை என்பது வேறொரு சொல் என்றே வைத்துக்கொள்" என்றேன். பிறகு அதே சாக்கை 40 மீட்டர் உயரமுள்ள மேட்டுக்கு ஏற்றினால் எவ்வளவு வேலை என்று கேட்டேன். 25 × 9.8 × 40 என்று பெருக்கி, 9,800 ஜூல் என்றாள். அருகிலிருந்த மாணவி அதைத் தன் தோழிக்குப் படுக மொழியில் விளக்கினாள். நான் தடுக்கவில்லை. பின்னர் மூவரும் தமிழில் எழுதிக் காட்டினர். அன்று பாடம் அவர்களுக்குப் புரிந்தது என்று நம்புகிறேன்.

நாம் செய்யக்கூடியவை

ஒரு மொழியில் தெளிந்த கருத்தை மறுமொழியில் மீண்டும் கற்க வேண்டுவதில்லை. அதற்குரிய சொல்லைக் கற்றால் போதும். தொடக்கக் கல்விக்குத் தாய்மொழியே சிறந்தது என்று யுனெஸ்கோ 1953-லேயே பரிந்துரைத்தது. ஒடிசா அரசு 2006-இல் 10 பழங்குடி மொழிகளில் தொடக்கக் கல்வியைத் தொடங்கி, படிப்படியாக ஒடியாவுக்கு அழைத்துச் செல்லும் முறையைக் கொண்டுவந்தது. நம் மலைக்கும் ஏற்ற வழி இது.

அரசுத் திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? பெற்றோரே, பள்ளிக்காக உங்கள் மொழியை வீட்டில் நிறுத்தாதீர்கள். தெளிவாகத் தெரிந்த மொழியில் கதை சொல்லுங்கள், கணக்குப் போடுங்கள். மாணவர்களே, கடினமான பகுதியை முதலில் உங்கள் வீட்டு மொழியில் நண்பனுக்குச் சொல்லிப் பாருங்கள். பிறகு பாடநூல் மொழியில் எழுதுங்கள். ஆசிரியர்களே, பேசாத பிள்ளையைக் கண்டால், "உங்கள் வீட்டில் இதற்கு என்ன சொல்வீர்கள்?" என்று ஒருமுறை கேளுங்கள். பேருந்து நிலையத்தில் நான் கண்ட சிறுவனிடமும் யாரேனும் அப்படிக் கேட்டால் மூன்று மொழியில் விடை கிடைக்கும்.