சன்னல் திரைக்கு அளவெடுப்பது எப்படி?

தில்லியில் குடியேறிய நம் குடும்பங்களில், திரைச்சீலை தைக்கக் கொடுத்து ஒரு முறையாவது கையைச் சுட்டுக்கொள்ளாதவர்கள் குறைவு. கடைக்காரரையும் தையற்காரரையும் குறை சொல்கிறோம். ஆனால் பெரும்பாலும் தவறு அளவெடுத்த கையிலோ, அதை எடுத்துச் சொன்ன வாயிலோதான் இருக்கிறது. எனக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். கண்புரை அறுவைச் சிகிச்சைக்காக என் தாயார் கும்பகோணத்திலிருந்து எங்களிடம் வந்திருந்தார். அவருக்கு ஒதுக்கிய அறையின் சன்னல் மேற்குப் பார்த்தது. தில்லி மே மாத வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிகிச்சைக்குப் பின் கண் கூசும் என்பதால் அவசரமாகக் கனத்த துணி வாங்கி, பக்கத்துத் தெருத் தையற்காரரிடம் கொடுத்தேன். நீளம் எவ்வளவு என்று கேட்டார். வேண்டியது ஐந்தே முக்கால் அடி. பௌனே என்றால் முக்கால், பாஞ்ச் என்றால் ஐந்து என்று மனத்துக்குள் கூட்டிப் பார்த்து, "பௌனே பாஞ்ச்" என்றேன்.

இந்தியில் பௌனே பாஞ்ச் என்றால் ஐந்துக்குக் கால் குறைவு; அதாவது நாலே முக்கால்! ஐந்தே முக்காலுக்கு "பௌனே சே" என்று சொல்லியிருக்க வேண்டும். தையற்காரர் சொன்னதைச் சரியாகத் தைத்துக் கொடுத்தார். மாட்டிப் பார்த்தால் சன்னலின் அடிப்பக்கம் அரை அடி திறந்து கிடக்கிறது. மாலை நான்கு மணிக்கு அந்த வழியாக வெயில் நேரே கட்டிலில் விழுந்தது. "ஏம்ப்பா, பாவாடை கட்டையாப் போச்சே!" என்று அம்மா சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

முதலில் மொழி

ஆகவே முதல் விதி: அளவை வாயால் சொல்லாதீர்கள். இன்ச் கணக்கில், எண்ணில் எழுதிக் கொடுங்கள். 69 என்று எழுதினால் எந்த மொழிக்காரருக்கும் 69தான். சொல்லித்தான் ஆக வேண்டுமென்றால் இவற்றை நினைவில் வையுங்கள்: சவா பாஞ்ச் என்றால் ஐந்தேகால், சாடே பாஞ்ச் என்றால் ஐந்தரை, டேட் என்றால் ஒன்றரை, டாயி என்றால் இரண்டரை.

ஒன்று மட்டும் நமக்குப் புதிதல்ல. இங்குள்ள மிஸ்திரிகள் சொல்லும் "சூத்", நம் ஊர்த் தச்சர்கள் சொல்லும் "நூல்"தான். இரண்டுக்கும் ஒரே பொருள், ஒரே அளவு: இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு.

என்ன டேப்?

தையல் மெஷின் டிராயரில் கிடக்கும் துணி டேப் வேண்டாம். நாளாக ஆக அது நீண்டுவிடும். எஃகு டேப் வாங்குங்கள். அதன் முனைக் கொக்கி சற்றே ஆடும். பழுது என்று எண்ணி அதை அடித்து இறுக்கிவிடாதீர்கள். உள்ளளவு எடுக்கும்போதும் வெளியளவு எடுக்கும்போதும் கொக்கியின் தடிமன் கணக்கில் சரியாகிக்கொள்ளவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

எந்த அளவையும் இரண்டு முறை எடுங்கள். ஒரே வரிசையில் இருக்கும் இரண்டு சன்னல்கள்கூட அரை இன்ச் வித்தியாசப்படும். எனவே ஒவ்வொரு சன்னலையும் தனித்தனியே அளந்து, "சாப்பாட்டறை, கிழக்கு" என்று பெயரோடு எழுதுங்கள். முதலில் அகலம், பிறகு உயரம் என்ற வரிசையை மாற்ற வேண்டாம்.

திரைச்சீலைக்கு

திரைச்சீலைக்குச் சன்னலை மட்டும் அளந்தால் போதாது. ராடு எங்கே வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அம்மா இருந்த அறையின் சன்னலையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அகலம் 60 இன்ச், உயரம் 57 இன்ச்.

அகலம்: ராடு இருபுறமும் ஆறு ஆறு இன்ச் நீள வேண்டும். 60உடன் 12 சேர்த்தால் 72. மடிப்பு அழகாக விழவும் ஒளியைத் தடுக்கவும் துணி அதைப்போல் இரு மடங்கு வேண்டும்: 144 இன்ச். மிக மெல்லிய துணிக்கு இரண்டரை மடங்கு. கனத்த துணிக்கு ஒன்றரை மடங்கே போதும் என்பாரும் உண்டு. துணியின் அகலம் 48 இன்ச் என்றால் 144க்கு மூன்று துண்டுகள். ஒரு துண்டை நடுவே வெட்டி, பக்கத்துக்கு ஒன்றரைத் துண்டாகச் சேர்த்துவிடலாம். 72 இன்ச் ராடு நடுவில் தொய்யும். இரண்டு முனைகளோடு நடுவிலும் ஒரு பிராக்கெட் போடச் சொல்லுங்கள்.

நீளம்: ராடு சன்னலுக்கு 6 இன்ச் மேலே, திரை சன்னலுக்கு 6 இன்ச் கீழே. 57உடன் 12 சேர்த்தால் 69. மேல் மடிப்புக்கு 3, கீழ் மடிப்புக்கு 6 சேர்த்தால் ஒரு துண்டுக்கு 78 இன்ச். மூன்று துண்டுக்கு 234 இன்ச்.

இங்கேதான் அடுத்த பள்ளம். கஜம் என்பது 36 இன்ச். மீட்டர் என்பது 39.37 இன்ச். 234 இன்ச்சுக்குக் கஜக் கணக்கில் ஆறரை. மீட்டர் கணக்கில் ஆறு மீட்டருக்குச் சற்றே குறைவு. கடையில் மீட்டரில்தான் அளப்பார்கள் என்பதால் மீட்டரிலேயே கணக்கிடுங்கள். பருத்தித் துணி நனைத்தால் சுருங்கும். ஆறு மீட்டருக்குப் பதில் ஆறரை வாங்கி, நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டக் கொடுங்கள். பெரிய பூ வேலைப்பாடு உள்ள துணியில், பூக்கள் ஒரே வரிசையில் வர வேண்டுமானால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முழு டிசைனின் நீளம் கூடுதலாகத் தேவைப்படும்.

மேல் தலைப்பு எந்த வகை என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஐலெட் எனப்படும் வளையத் துளை வைத்தால் துணி ராடுக்கு மேலே ஓர் இன்ச் போல எழும்பி நிற்கும். வளையத்தில் கொக்கி மாட்டினால் துணி ராடுக்குக் கீழே தொங்கும். நீளம் அதற்கேற்ப மாறும்.

பிளைண்ட்ஸ் போடுவதானால்

திரைச்சீலையில் ஓர் இன்ச் கூடக் குறைய இருந்தால் மடிப்பில் மறைந்துவிடும். பிளைண்ட்ஸ் அப்படியல்ல, இரண்டு நூல் அதிகமானாலும் சட்டத்துக்குள் நுழையாது.

சன்னல் பள்ளத்துக்கு உள்ளே மாட்டுவதானால் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவை எடுத்துக்கொள்ளுங்கள். 60, 59¾, 59½ என்று வந்தால் உங்கள் அளவு 59½. உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடங்களில் அளந்து, சுருட்டும் பிளைண்டுக்கு அதிகமானதை எடுங்கள். இது திறப்பின் அளவு என்று எழுதிக் கொடுங்கள். உராயாமல் இருக்கக் குறைக்க வேண்டியதை அவர்கள் குறைத்துக்கொள்வார்கள். நீங்களும் குறைத்து அவர்களும் குறைத்தால் இரு ஓரமும் வெளிச்சம் வரும்.

மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். அரை இன்ச்சுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சன்னல் கோணலாக இருக்கிறது என்று பொருள். அப்போது வெளியே சுவரில் மாட்டுவதே நல்லது. பக்கத்துக்கு மூன்று இன்ச், மேலே மூன்று நான்கு இன்ச் கூட்டிக்கொள்ளுங்கள். இங்குள்ள பல வீடுகளில் கொசுவலைக் கதவு உட்பக்கம் திறக்கும். அதைத் திறந்து பார்த்து, கைப்பிடி எதில் இடிக்கிறது என்று கவனித்த பிறகே முடிவு செய்யுங்கள்.

கூலர் பொருத்திய சன்னலில் திரை முழுவதும் ஒதுங்கிக்கொள்ள இடம் வேண்டும்; ஒரு பக்கம் ராடை ஓர் அடி நீட்டிக்கொள்ளுங்கள். காற்று வெளியேறும் எதிர்ச் சன்னலை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் அறை புழுங்கும்.

கயிறு, கவனம்!

பேரக்குழந்தைகள் உள்ள வீடுகளில் இதை மறக்கவே கூடாது. பிளைண்ட்ஸின் கயிறும் மணிச் சங்கிலியும் சிறு குழந்தைகளின் கழுத்தில் சுற்றி உயிரைப் பறித்திருக்கின்றன. அமெரிக்காவில் 2018 டிசம்பர் முதல், கடைகளில் தயாராக விற்கும் பிளைண்ட்ஸ் கயிறில்லாமலோ குழந்தைக்கு எட்டாத கயிறுடனோ இருக்க வேண்டும் என்ற தர விதி நடைமுறைக்கு வந்தது. நாமும் கயிறில்லாததைக் கேட்டு வாங்கலாம். ஏற்கெனவே கயிறு இருந்தால் தரையிலிருந்து ஐந்து அடி உயரத்தில் கொக்கி அடித்துச் சுற்றி வையுங்கள். சன்னலோரம் தொட்டிலோ கட்டிலோ போடாதீர்கள்.

வீடு மாறும்போது

2016 ஜூலையில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதற்காக வீடு மாறியவர்களும், மாற்றலில் போவோரும், வாடகை வீட்டுக்காரர்களும் பழைய திரையைப் புதுச் சன்னலில் பிடித்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவது வழக்கம். கீழ் மடிப்புக்கு 6 இன்ச் விடச் சொன்னது இதற்காகத்தான். பிரித்து நான்கு ஐந்து இன்ச் இறக்கிக்கொள்ளலாம். தயாராக விற்கும் திரைகள் பெரும்பாலும் 5, 7, 9 அடி நீளத்தில் கிடைக்கின்றன. வாடகை வீட்டில் ராடைச் சற்றே ஏற்றியோ இறக்கியோ அந்த அளவுக்குப் பொருத்திவிட்டால், அடுத்த வீட்டிலும் அந்தத் திரை பயன்படும்.

நான் என் துணிக்கு இரண்டு இன்ச் மடிப்புகூட விட்டிருக்கவில்லை. அம்மா தம் பழைய நூல் புடவை ஒன்றை நான்காக மடித்து, திரையின் அடியில் ஊசி குத்தித் தொங்கவிடச் சொன்னார். கண் ஆறி ஊருக்குத் திரும்பும் வரை அந்தப் புடவைதான் வெயிலைத் தடுத்தது. இப்போது எங்கள் அலமாரிக் கதவின் உட்புறம் வீட்டின் எல்லாச் சன்னல்களின் அளவும் எழுதிய ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று ஒட்டி வையுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.