தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறி ஆவது ஏன்?

இரண்டு வருடங்களுக்கு முன், ஆவணி மாதம், உசிலம்பட்டியில் என் மாமா வீட்டுக் காதணி விழா. மொய் எழுதக் கம்ப்யூட்டர் வைக்கலாம் என்று சொன்னது நான்தான். எங்கள் பக்கத்தில் மண்டபங்களில் லேப்டாப்பும் சின்ன பிரிண்டரும் வைத்து மொய் எழுதித் தருவதையே தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டிலேயே ஒரு சாப்ட்வேர் எஞ்சினியர் இருக்கும்போது வெளியே ஆள் எதற்கு என்று நானே ஒரு புரோகிராம் எழுதினேன். மண்டபத்தில் இன்டர்நெட்டை நம்ப முடியாது. அதனால் விண்டோஸில் நேரடியாக இயங்கும் டெஸ்க்டாப் அப்ளிகேஷன். பெயர், ஊர், தொகை என மூன்று கட்டங்கள், ஒரு 'சேவ்' பட்டன், ஒரு ரசீது. அவ்வளவுதான்.

அன்று எல்லாம் அழகாக நடந்தது. திரையில் தமிழ்ப் பெயர்கள் சரியாகத் தெரிந்தன. ரசீதும் தமிழில் வந்தது. நானூறு பேருக்கு மேல் எழுதி முடித்து, மொத்தத் தொகையைப் பணத்தோடு சரிபார்த்தோம். ஒரு ரூபாய் குறையவில்லை. மறுநாள் மாமாவுக்கு லிஸ்ட் பிரிண்ட் எடுக்க பைலைத் திறந்தேன். பெயர் இருக்க வேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறிகள். மாமா எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன மாப்ள, பணம் சரியாத்தான் இருக்கு. ஆளுகளத்தான் காணோம்."

மொய் என்பது நம் ஊரில் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். யார் எவ்வளவு செய்தார் என்று தெரியாமல் அவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் நிற்க முடியாது. நான் தொலைத்தது ஒரு பைலை அல்ல, மாமா வீட்டின் கணக்கை.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களும் இந்தக் கேள்விக்குறிகளை எங்காவது சந்திப்பார்கள். புரோகிராம் எழுதிப் பழகுபவர்கள் நிச்சயம் சந்திப்பார்கள். எனவே என்ன நடந்தது என்று பார்க்கலாம்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணைத்தான் பைலில் எழுதுகிறது. எந்த எழுத்துக்கு எந்த எண், அதை பைலில் எப்படி எழுதுவது என்ற ஏற்பாட்டுக்கு என்கோடிங் என்று பெயர். பழைய விண்டோஸ் முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட். ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை 256 எண்கள்தான் அடங்கும். ஆங்கிலத்துக்கும் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றுக்கும் அது போதும். ரஷ்ய மொழி, கிரேக்கம், தாய் மொழி ஆகியவற்றுக்கு மைக்ரோசாப்ட் தனித்தனி 256 பட்டியல்கள் வைத்தது. இவற்றைப் பொதுவாக 'ஆன்சி' என்று அழைப்பார்கள். தமிழுக்கு அப்படி ஒரு பட்டியல் விண்டோஸில் இருந்ததே இல்லை. விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துருவுடன் தமிழ் வந்தபோது நேராக யூனிகோட் முறையில்தான் வந்தது. யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம். 'ம' என்பதன் எண் 2990. இந்த எண்ணை 255-க்கு மேல் போகாத ஒரு பெட்டியில் எப்படிப் போடுவது? முடியாது. அப்போது விண்டோஸ் என்ன செய்கிறது தெரியுமா? சத்தம் போடாமல் அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியை எழுதிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போய்விடுகிறது.

நான் சி ஷார்ப் மொழியில், டாட்நெட் பிரேம்வொர்க்கில் எழுதியிருந்தேன். பைலில் எழுதும் வரியில், எங்கோ பார்த்த உதாரணத்தைக் காப்பி செய்து, 'என்கோடிங் டாட் டீபால்ட்' என்று கொடுத்திருந்தேன். டீபால்ட் என்றால் நல்லதாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு. அதன் உண்மையான பொருள், 'இந்தக் கம்ப்யூட்டரின் ஆன்சி பட்டியலைப் பயன்படுத்து' என்பதுதான். திரையில் இருந்த பெயர் மெமரியில் யூனிகோடாக இருந்ததால் சரியாகத் தெரிந்தது. ரசீதும் மெமரியில் இருந்ததைக் கொண்டே படமாக வரையப்பட்டதால் அதுவும் சரி. பைலில் இறங்கும்போது மட்டும் பெயர்கள் அழிந்தன. எண்களும் ஆங்கில எழுத்துகளும் ஆன்சி பட்டியலில் இருப்பதால் தொகை பிழைத்தது, ஆங்கிலத்தில் தட்டிய இனிஷியலும் பிழைத்தது. வேடிக்கை என்னவென்றால், டாட்நெட் கோர் என்ற புதிய பதிப்பிலும் அதன் பின் வந்தவற்றிலும் அதே டீபால்ட் என்ற சொல் யூடிஎஃப்-8 என்பதையே குறிக்கிறது. அதே வரி அங்கே பெயர்களைக் காப்பாற்றியிருக்கும்.

இதை நீங்களே பார்க்கலாம். நோட்பேட் திறந்து 'மதுரை' என்று தமிழில் டைப் செய்யுங்கள். பைல் மெனுவில் சேவ் அஸ் கிளிக் செய்து, கீழே என்கோடிங் என்ற இடத்தில் ஆன்சி என்பதைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் போய்விடும் என்று ஓர் எச்சரிக்கை வரும். ஓகே கொடுத்து சேவ் செய்து, மூடி, மறுபடி திறங்கள். ஐந்து கேள்விக்குறிகள் இருக்கும். மூன்றெழுத்து ஊருக்கு ஏன் ஐந்து? யூனிகோடில் து என்பது த, உகரக் குறி என இரண்டு எண்கள். ரை என்பதும் அப்படியே இரண்டு. புள்ளியும் தனி எண்தான். நோட்பேட் எச்சரித்தது, பாருங்கள். நான் எழுதிய புரோகிராம் அதைக்கூடச் செய்யவில்லை.

இந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பெயர்களை மீட்கப் பார்த்தேன். ஊர் இருந்த இடத்தில் ஐந்து கேள்விக்குறி என்றால் மதுரை, நான்கு என்றால் தேனி என்று தொடங்கி உற்சாகமாகப் போனேன். பதினொன்று வந்ததும் நின்றுவிட்டேன். உசிலம்பட்டி பதினொன்று. கருமாத்தூரும் பதினொன்று. செக்கானூரணியும், திருமங்கலமும் அதேதான்! வந்தவர்களில் பாதிப் பேர் இந்த நான்கு ஊர்க்காரர்கள். பெயரிலும் கருப்பசாமிக்குப் பத்து, விருமாண்டிக்கும் பத்து. பிறகு மாமாவும் அத்தையும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வந்தவர்களிடம் ரசீது இருந்தது, போட்டோ எடுத்து அனுப்பினார்கள். வீடியோவை ஓட்டிப் பார்த்தோம். மூன்று வாரம் ஆயிற்று. அப்படியும் சில வரிகள் அப்படியே நின்றுவிட்டன.

இங்கே ஒன்றை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ் தெரியவில்லை என்றால் எல்லாமே ஒரே நோய் இல்லை. கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். பைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்துருவை மாற்றினால் போதும். தலையில் சாய்ந்த கோடு போட்ட ஆங்கில 'ஏ', பக்கத்திலேயே வட்டத்துக்குள் 'ஆர்' என்று திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 பைலை ஆன்சி என்று தவறாகப் படிக்கிறது என்று பொருள். சிஎஸ்வி பைலை எக்ஸெலில் டபுள் கிளிக் செய்து திறக்கும்போது இது அடிக்கடி நடக்கும். பயப்பட வேண்டாம், எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது. ஆனால் அந்த நிலையில் சேவ் மட்டும் செய்யாதீர்கள். மூடிவிட்டு, எக்ஸெலில் டேட்டா மெனு வழியாக அதே பைலை வரவழைத்து, 65001 என்ற எண்ணுள்ள யூனிகோட் முறையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வந்துவிடும். பைலுக்குள்ளேயே கேள்விக்குறி இருந்தால்தான் ஆபத்து. அதற்குப் பின்னால் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. எந்த கன்வர்ட்டரும் அதைத் திருப்பித் தராது.

பழைய டிடிபி சென்டர்காரர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது சிரித்தார். பாமினி எழுத்துருவில் எழுதியிருந்தால் இப்படி ஆகியிருக்காதாம். உண்மைதான். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் பைலில் இறங்குவது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். கம்ப்யூட்டர் அதை ஆங்கிலம் என்றே நினைத்துக்கொள்கிறது. அழியாது, ஆனால் அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் வெறும் உளறலாகத் தெரியும். இப்படி ஆளுக்கொரு முறை இருந்ததால்தான் 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்ற தரங்கள் வந்தன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. இன்று புதிதாக எழுதுபவர் யூனிகோடை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை.

என் புரோகிராமில் திருத்தம் ஒரே சொல்தான். டீபால்ட் என்று இருந்த இடத்தில் யூடிஎஃப்-8 என்று மாற்றினேன். எழுதும் இடத்தில் மட்டுமல்ல, படிக்கும் இடத்திலும் அதையே தர வேண்டும். டேட்டாபேஸ் பயன்படுத்துபவர்களுக்கு இதே பள்ளம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் பெயர் காலத்தை வார்கேர் என்று அமைத்தால், வழக்கமான அமைப்பில் தமிழ் கேள்விக்குறியாகும். என்வார்கேர் என்று அமைத்து, கட்டளையில் பெயருக்கு முன் ஆங்கில 'என்' எழுத்தையும் போட வேண்டும். விஷுவல் பேசிக் 6 இன்னும் வைத்திருப்பவர்களுக்குச் சிரமம் அதிகம். அதன் டெக்ஸ்ட் பாக்ஸே ஆன்சிதான், திரையிலேயே கேள்விக்குறி வந்துவிடும். ஒருவிதத்தில் அது நேர்மையானது!

பெயர்கள் பிழைத்த பிறகு அடுத்த தொல்லைகள் தெரிந்தன. அகர வரிசையில் அடுக்கினால் அனிதாவுக்குப் பின் அன்பு வந்தார். யூனிகோட் எண் வரிசையில் புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதுதான் காரணம். நம் அகராதி முறையில் மெய்தான் முதலில், அன்புதான் முன்னால் வரவேண்டும். எண்ணை வைத்து அடுக்காமல், தமிழ் மொழி விதிப்படி அடுக்கு என்று விண்டோஸிடமே சொல்லிவிட்டால் இது தீரும்.

தேடுவதில் இன்னொரு சிக்கல். 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறி ஒரே எண்ணாக வரலாம், அல்லது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனி எண்களாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. புரோகிராமுக்கு மட்டும் இரண்டு கொடிவீரன்கள். சேவ் செய்யும் முன் நார்மலைஸ் என்ற கட்டளையைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் கௌசல்யாவை ஒற்றைக்கொம்பும் 'ள'வும் போட்டு அடிப்பவர்களை நார்மலைஸ் காப்பாற்றாது. அது எழுத்துப்பிழை, நாம்தான் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

இப்போது எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் ஒரே ஒரு பெயரைப் பதிவு செய்து, புரோகிராமை மூடி, கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போட்டு, மறுபடி திறந்து பார்க்கிறேன். திரையில் தெரிவதை நம்புவதில்லை, பைலை நோட்பேடில் திறந்து பார்த்தால்தான் நம்பிக்கை. சோதனைக்கு நான் வைத்திருக்கும் பெயர் கொடிவீரன், ஊர் உசிலம்பட்டி. சென்ற தையில் அத்தை வழியில் ஒரு கல்யாணத்துக்கு இதே புரோகிராமைத்தான் வைத்தோம். பெயர்கள் எல்லாம் வந்தன. மாமா மட்டும் பக்கத்து நாற்காலியில் ஒரு நோட்டும் பேனாவுமாக ஆள் உட்கார வைத்திருந்தார்.