போர் முடிந்து மூன்றே ஆண்டு. அதே சந்துகளில் படப்பிடிப்பு

போர்ப்படம் என்றாலே செலவுதான். டாங்கிகள், சீருடைகள், வெடிகள், நூற்றுக்கணக்கில் துணை நடிகர்கள் எனப் பட்டியல் நீளும். கையில் பணமில்லாமல், அதுவும் அரசியல் சூடு தணியாத ஒரு போரைப் படமாக்குவது இன்னும் கடினம். 1966ல் வெளிவந்த ‘தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்’ அப்படி உருவான படம். செலவு ஏறத்தாழ 800,000 டாலர் என்று பரவலாகக் குறிப்பிடப்படுகிறது.

பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியர்கள் 1954ல் தொடங்கிய போர் 1962ல் விடுதலையில் முடிந்தது. 1965ல் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொன்டேகோர்வோ, தலைநகர் அல்ஜியர்சின் பழைய குடியிருப்பான கஸ்பாவுக்குக் கேமராவுடன் வந்தார்.

அவரை அழைத்தவர் ஸாதி யாசெஃப். அந்நகரில் விடுதலைப் படைக்குத் தலைமை தாங்கி, பிரெஞ்சு நீதிமன்றத்தால் மரண தண்டனை விதிக்கப்பட்டவர். அவரே தயாரிப்பாளர்களில் ஒருவர். தம்மைப் போன்ற ஒரு பாத்திரத்தில் நடிக்கவும் செய்தார். அவர் இருந்ததால் கஸ்பாவின் கதவுகள் திறந்தன, மக்கள் கூட்டமாக நடிக்க வந்தனர். வாடகைக்கு எடுக்க முடியாத உதவி அது.

ஆனால் அந்த உதவிக்கும் ஒரு விலை உண்டு. யாசெஃப் முதலில் கொண்டுவந்த திரைக்கதை ஒரு தரப்பை மட்டுமே புகழ்கிறது என்று இயக்குநர் மறுத்துவிட்டார். பின்னர் ஃபிராங்கோ சொலினாஸ் புதிதாக எழுதினார். உணவகத்தில் குண்டு வெடிக்கும் முன், ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தையின் முகத்தைக் கேமரா நிதானமாகக் காட்டுகிறது. குண்டு வைத்த அமைப்பின் தலைவர் தயாரித்த படத்தில் இப்படியொரு காட்சி இடம்பெற்றது சாதாரண விஷயமல்ல.

நடிகர்களுக்குப் பணமில்லை என்பதும் படத்துக்கு நன்மையாகவே அமைந்தது. நாயகன் அலி லா பாயின்டாக நடித்த பிராஹிம் ஹக்கியாக் அதற்குமுன் நடித்ததே இல்லை. தொழில்முறை நடிகர் என்று சொல்லத்தக்கவர், பிரெஞ்சு கர்னலாக வந்த ஜான் மார்ட்டின் ஒருவரே. அவரும் அல்ஜீரியப் போரைக் கண்டித்த அறிக்கையில் கையெழுத்திட்டு வேலை இழந்தவர்.

ஒளிப்பதிவாளர் மார்செல்லோ காத்தி, கறுப்பு வெள்ளைச் சுருளில் புள்ளிகள் தெரியும்படி படச்சுருளைப் பதப்படுத்தும் முறையைப் பலமுறை சோதித்தார். கையில் பிடித்த கேமராவும் தொலைவிலிருந்து எடுக்கும் லென்சும் சேர, படம் பழைய செய்திப்படம் போலவே தோன்றியது. செய்திப்படக் காட்சி ஓர் அடிகூட இல்லை என்று அமெரிக்கப் பிரதியில் அறிவிப்பு போடவேண்டியதாயிற்று!

படவேலை நடந்துகொண்டிருந்த 1965 ஜூன் மாதத்தில் ராணுவப் புரட்சியில் அதிபர் பென் பெல்லாவின் ஆட்சி கவிழ்ந்தது. வீதிக்கு வந்த டாங்கிகளைப் பார்த்து, படப்பிடிப்பு என்றே பலர் நினைத்ததாக இன்றும் சொல்வார்கள்.

1966ல் வெனிஸ் திரைப்பட விழாவில் படம் தங்கச் சிங்கம் விருதை வென்றது. பிரெஞ்சுக் குழுவினர் அரங்கிலிருந்து வெளியேறினர். பிரான்சில் சில ஆண்டுகள் அது திரையிடப்படவே இல்லை.