இறாலில் மருந்தெச்சம்: வாங்கும் நாடுகளின் சட்டமும் நமது குளங்களும்

புத்தளம், சிலாபம் பகுதிகளில் வளர்க்கப்படும் இறாலில் ஒரு பகுதி பிறநாடுகளுக்குச் செல்கின்றது. அந்நாடுகளின் துறைமுகத்தில் சரக்குத் தடுக்கப்பட்டதெனக் கேள்வியுறும்போது, வியாபாரப் போட்டியே காரணமெனப் பண்ணையாளர் சிலர் கருதுவதுண்டு. சட்டத்தின் உட்பொருளை அறிந்தால் இக்கருத்துப் பெரும்பாலும் நீங்கும்.

குளோரம்பினிக்கோல், ஒருகாலத்தில் நெருப்புக் காய்ச்சலுக்குப் பெயர்பெற்ற மருந்து. ஆயினும் அதனை உட்கொண்டோரில் மிகச் சிலருக்கு எலும்பு மச்சை குருதியை ஆக்குந் தொழிலை நிறுத்திவிடுகின்றது. யாருக்கு நேரும், எவ்வளவால் நேரும் என முன்னறிய இயலாது. ஆகவே உணவில் இவ்வளவு இருக்கலாமென எல்லை வகுக்க முடியாமல், உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்கு அதனை அறவே கொடுக்கலாகாது என ஐரோப்பிய ஒன்றியமும் ஐக்கிய அமெரிக்காவும் விதித்தன. நைத்திரோபியூரான் வகை மருந்துகளும் விலக்கப்பட்டவையே. அவற்றின் எச்சம் தசையுடன் பிணைந்து நிற்பதால் உறையவைத்தாலும் சமைத்தாலும் நீங்குவதில்லை.

ஆய்வுக் கருவிகள் நுண்மையடைந்த பின்னரே இவ்விதிகள் வலிமை பெற்றன. 2001ஆம் ஆண்டில் ஆசிய நாடுகள் சிலவற்றின் இறாலில் குளோரம்பினிக்கோல் இருப்பதை ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் கண்டன. 2002 சனவரியில் சீனாவின் விலங்குணவுப் பொருள்களிற் பெரும்பாலானவற்றின் இறக்குமதியை ஒன்றியம் இடைநிறுத்தியது. 2007 சூன் 28ஆம் நாள் ஐக்கிய அமெரிக்கா, சீனப் பண்ணைகளின் இறால் உட்பட ஐந்து வகை மீனுணவுகளை, எச்சம் இல்லையென மெய்ப்பிக்கும்வரை தடுத்துவைக்கக் கட்டளையிட்டது. மருந்து இடாதவரும் அக்கட்டளைக்கு உட்பட்டனர்.

2022 நவம்பர் 28 முதல், கிலோவுக்கு 0.15 மைக்குரோகிராம் குளோரம்பினிக்கோல் காணப்பட்டாலே அச்சரக்கு ஒன்றியத்தில் உணவுக்கு ஆகாது. ஆயிரம் மெற்றிக் தொன் இறாலில் 0.15 கிராம் என்பதே இதன் பொருள். அனுமதிக்கப்பட்ட மருந்தாகிய ஒட்சிதெத்திராசைக்கிளினுக்கோ எல்லை 100 மைக்குரோகிராம்.

துறைமுகச் சோதனை கடைசிப் படி மாத்திரமே. ஏற்றுமதி செய்யும் நாட்டின் மருந்தெச்சக் கண்காணிப்புத் திட்டம் முன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்டிருத்தல் வேண்டும். பதனிடும் சாலை பட்டியலில் இடம்பெறல் வேண்டும். சரக்குடன் அரச சுகாதாரச் சான்றிதழ் செல்லல் வேண்டும். இலங்கையில் இப்பொறுப்பு கடற்றொழில், நீரியல் வளத் திணைக்களத்தினுடையது. குற்றங் காணப்பட்டால் அச்செய்தி அங்கத்துவ நாடுகள் அனைத்திற்கும் அறிவிக்கப்படும். தொடர்ந்து வரும் சரக்குகள் மேலும் கடுமையாகச் சோதிக்கப்படும். பல குளங்களின் இறால் ஒரே சாலையிற் சேர்வதால், ஒருவர் இட்ட மருந்து அயலவர் வருவாயையும் கெடுக்கும்.

இத்தனைக்கும் அம்மருந்தாற் பயன் யாது? 1996இல் நம் பண்ணைகளைப் பாழாக்கிய வெண்புள்ளி நோய் வைரசால் வருவது. பற்றீரியாவைக் கொல்லும் மருந்துகள் வைரசை ஒன்றுஞ் செய்யா. இறாலும் போய்ப் பணமும் போய், தப்பியவற்றில் எச்சம் மட்டும் நிலைக்கும்.

பெயர்ச்சீட்டில்லாத பொடியை, 'வைற்றமின்' எனச் சொல்லி விற்பினும், தீனியிற் கலக்கலாகாது. மருந்து தேவையாயின் மிருக வைத்தியரைக் கேட்டு இடுக. குளத்தின் எண், மருந்தின் பெயர், அளவு, தொடங்கிய நாள், நிறுத்திய நாள் ஆகியவற்றைக் கொப்பியிற் குறித்து, மாதிரி எடுக்க வரும் உத்தியோகத்தருக்குக் காட்டுக. நிறுத்தியபின் குறித்த நாட்கள் கழியுமுன் அறுவடை செய்யலாகாது. விலை ஏறியிருக்கும் வாரத்தில் இது எளிதன்று என்பதை அறிவோம். குளோரம்பினிக்கோல் சேர்ந்த களிம்புகளும் உண்டு. ஆதலால், கையிற் களிம்பு பூசிய வேலையாளை அன்று இறாலைத் தொடாத வேலைக்கு விடுக.