சாரல் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகலையா?

குற்றாலத்தில் சீசன். விடியற்காலை ஐந்து மணி. கூட்டம் சேர்வதற்குள் ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டுவிடலாம் என்று, துண்டும் எண்ணெய்ப் பாட்டிலுமாகக் குடும்பமே பழைய டீசல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் ‘கிர்ர்... கிர்ர்’ என்று இழுக்கிறதே தவிர, வண்டி கிளம்பவில்லை. “குளிருல இன்ஜின் வெறைச்சுப் போச்சு” என்று பின்சீட்டில் இருந்து தாத்தா தீர்ப்பு சொல்லிவிடுகிறார்.

பாவம் இன்ஜின்! ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் சாரல் காற்று நமக்குத்தான் குளிர். இருபது டிகிரிக்கெல்லாம் எந்த இன்ஜினும் விறைக்காது. கோளாறு பெரும்பாலும் நம் அவசரத்தில்தான் இருக்கும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக அழுத்தி, அதில் பிறக்கும் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. இரவெல்லாம் நின்ற வண்டியில் அந்தச் சூடு போதாமல் போகலாம். அதற்குக் கைகொடுக்கத்தான் ‘ஹீட்டர் பிளக்’. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும், டேஷ்போர்டில் சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். புது வண்டிகளில் சில விநாடிகள். பழைய ஜீப், வேன் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். பலரும் ஒரே திருப்பாகத் திருப்பிவிடுகிறார்கள்.

அப்படியும் கிளம்பவில்லையா? பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். அரை நிமிடம் விட்டு மீண்டும் முயலுங்கள். ஹீட்டர் பிளக், செல்ஃப் மோட்டார் இரண்டுக்கும் பேட்டரிதான் சோறு போடுகிறது. தினமும் காலையில் வெள்ளைப்புகை கக்கி, நடுங்கி நடுங்கிக் கிளம்பினால், பிளக்குகளில் ஒன்றிரண்டு போயிருக்கலாம். தென்காசிக்குப் புறப்படும் முன்பே மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். பெட்ரோல் வண்டிக்கு இந்த ஹீட்டரே கிடையாது. அதில் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

நிஜக் குளிர் எப்படி இருக்கும் தெரியுமா? லடாக்கில் டீசலே மெழுகு போல உறையும். அதற்காகவே இந்தியன் ஆயில் 2019-ல் மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத தனி டீசலைக் கொண்டுவந்தது. கனடாவின் வின்னிபெக்கில் காரின் முன்பக்கம் ஒரு மின்வயர் தொங்கும். அதைப் பிளக்கில் சொருகினால் இன்ஜினுக்குள் உள்ள ஹீட்டர் சூடேறும். இரவு முழுக்க ஓடவிட்டால் கரன்ட்தான் வீண் என்று, கிளம்ப இரண்டு மூன்று மணி நேரம் முன்பு ஆன் ஆகும்படி டைமர் வைத்துவிடுகிறார்கள்.

நம் ஊரிலோ, ‘சூடாகட்டும்’ என்று பத்து நிமிடம் வண்டியை உறுமவிடுகிறோம். தேவையே இல்லை. அரை நிமிடம் போதும். முதல் இரண்டு கிலோமீட்டர் நிதானமாக ஓட்டினால் இன்ஜின் தானே சூடாகிவிடும். தென்காசியில் கிளம்பினால், குற்றாலத்துக்குப் பாதி வழி வருவதற்குள் வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சீசனில் ரூம் கிடைக்காதவர்கள் காருக்குள்ளேயே படுப்பதுண்டு. குளிருக்கு ஹீட்டரோ, புழுக்கத்துக்கு ஏசியோ போட்டு, கண்ணாடியை ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்தால் வாசனையே தெரியாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இன்ஜினை அணைத்து, ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கிவிடுங்கள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கம்பளி எடுத்துப்போனால் போதும்.