வைகாட்டோவின் சொந்த அச்சு: 'டே ஹோகியோய்', 1862–63

1859-இல் ஆக்லாந்திலிருந்து கிளம்பிய 'நோவாரா' என்ற ஆஸ்திரியக் கப்பலில் விரேமு டோயிடோயி, டே ஹெமாரா ரெரெஹாவ் என்னும் மாவோரிகள் இருவர் சென்றனர். வியன்னா அரசு அச்சகத்தில் எழுத்துக் கோக்கவும் அச்சடிக்கவும் கற்றனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த பரிசு ஓர் அச்சு இயந்திரம்.

நியூசிலாந்துக்கு அச்சு புதிதல்ல. 1835 முதல் பைஹியாவில் வில்லியம் கொலென்சோ மாவோரி மொழியில் விவிலியப் பகுதிகளை அச்சிட்டார். 1842-இல் அரசே மாவோரி இதழ் தொடங்கியது. இவற்றில் எதை அச்சிடுவது என்று முடிவு செய்தவர்கள் குடியேறிகள். மாவோரிகள் வாசகர்களாகவே வைக்கப்பட்டிருந்தனர்.

நியூசிலாந்துக்கு வந்த வியன்னா இயந்திரம் இந்த நிலையை மாற்றியது. நிலம் விற்பதை எதிர்த்த மாவோரி மன்னர் இயக்கம் வைகாட்டோ பகுதியின் ஙாருவாவாஹியாவில் 'டே ஹோகியோய்' இதழை அச்சிட்டது. ஆசிரியர் படாரா டே துஹி. மன்னரின் அறிவிப்புகளும் ஆளுநருக்கான மறுப்புகளும் ஊர் ஊராகப் போயின.

ஆளுநர் ஜார்ஜ் கிரே தரப்பு பதறியது. 1863 தொடக்கத்தில் அரசு அலுவலர் ஜான் கோர்ஸ்ட், டே அவாமுடுவில் 'டே பிஹோயிஹோய்' என்ற போட்டி இதழை மாவோரி மொழியிலேயே வெளியிட்டார். அதில் வந்த ஏளனம் பொறுக்காமல் மன்னர் இயக்கத் தலைவர் ரெவி மானியாபோடோவின் ஆட்கள் மார்ச்சில் அந்த அச்சகத்தைக் கைப்பற்றினர். எழுத்தை ஆயுதமாக இரு தரப்பும் அறிந்திருந்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஜூலையில் பிரிட்டிஷ் படைகள் வைகாட்டோவுக்குள் நுழைந்தன. 'டே ஹோகியோய்' நின்றுபோனது. போருக்குப் பின் அரசு பறித்த நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர்.